மூன்று மாதம் ‘ஹோமில்’ விட்டால் மகள் சரியாகிவிடுவாளா?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. தோழி போனை எடுக்கவில்லை என்றால்கூடக் கையைக் கிழித்துக்கொள்கிறாள். ஒரு மணி நேரத்தில் சிரித்துப் பேசுகிறாள். டாக்டர் ‘பார்டர்லைன் பெர்சனாலிட்டி’ என்று எழுதியிருக்கிறார். மூன்று மாதம் ஒரு மையத்தில் விட்டால் குணமாகும், வேனில் வந்து அவர்களே கூட்டிப்போவார்கள் என்கிறார் உறவினர் ஒருவர். இது தீராத வியாதியா? அனுப்பலாமா? (வாசகி, திருச்சி மாவட்டம்)

பதில்: அனுப்பாதீர்கள். முன்பணம் கட்டியிருந்தால் அது போனாலும் போகட்டும்.

இது தீராத வியாதி இல்லை. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் இப்படிப்பட்டவர்களைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலானோருக்கு நோய் என்று சொல்ல முடியாத அளவுக்கு அறிகுறிகள் குறைந்துவிட்டன.

உங்கள் மகள் நடிக்கவில்லை. நமக்குச் சின்ன வருத்தமாக வந்துபோவது அவளுக்குத் தாங்க முடியாத வலியாக எழுகிறது, அடங்கவும் நேரமாகிறது. விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் அடியில் இருக்கிறது. கையைக் கிழித்ததும் மனவலி சற்று மட்டுப்படுவதால்தான் மறுபடியும் செய்கிறாள். ‘திமிர்’, ‘மிரட்டுகிறாள்’ என்று வீட்டில் பேசப்பேச அந்தப் பயம் கூடத்தான் செய்யும். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? இதற்கான ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, நீண்ட காலமாக இருக்க வேண்டும். மணிக்கு மணி மனநிலை மாறுவது ஒரு அடையாளம். பைபோலாரில் (அளவுகடந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் நோய்) ஒரே மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும்.

இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்குத் தருவார்கள். முக்கிய சிகிச்சை பேச்சுதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹன் உருவாக்கிய ‘டி.பி.டி.’ (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு சிகிச்சை முறையில் வாரம் ஒருமுறை தனியாகவும் ஒருமுறை குழுவாகவும் ஏறத்தாழ ஓராண்டு பயிற்சி தருவார்கள். தானும் இளம்வயதில் இதே துன்பத்தில் இருந்ததாக அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். டி.பி.டி. பக்கத்தில் கிடைக்காவிட்டால், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உள்ள ஒரே கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் வாராவாரம் போவதே போதும். ஓ.பி. சீட்டு, ஐந்து நிமிடம், ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், ஒரு பை நிறைய மாத்திரை என்று நம் ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கும்வரை இதைக் குடும்பம்தான் விடாமல் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த மையம். இப்படிப்பட்ட பல இடங்களில் பலகையில் ‘போதை மறுவாழ்வு’ என்றிருக்கும், உள்ளே எல்லா மனநோயாளிகளையும் சேர்ப்பார்கள். ஆள் பிடித்துக்கொடுப்பவருக்குக் கமிஷன் உண்டு. நான்கு பேர் வந்து கையைப் பிடித்து ஊசி போட்டு ஏற்றுவார்கள், போனைப் பிடுங்குவார்கள், ‘முதல் மாதம் பார்க்க வராதீர்கள்’ என்பார்கள். கைவிடப்படுவோம் என்று அஞ்சும் பெண்ணுக்கு இதைவிடக் கேடு செய்ய முடியாது. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்றால் வெளியே வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்ட 28 பேர் தீயில் கருகிய பிறகும் பதிவில்லாத இடங்கள் நடக்கின்றன என்பது வெட்கக்கேடு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அண்மையில் உயிருக்கு ஆபத்தாக ஏதாவது செய்திருந்தாலோ, செய்வேன் என்று மிரட்டியிருந்தாலோ, அவள் சம்மதிக்காவிட்டாலும் பதிவுபெற்ற மருத்துவமனையில் சேர்க்கலாம். 2017 மனநலச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. அவளுடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் செயல்பட அவள் குறிப்பிட்டவர்) விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும்; ஒருவர் மனநல மருத்துவர். முதலில் 30 நாள் வரைதான். பெண் என்பதால் மூன்று நாட்களுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். இதில் எதுவும் வேனில் வருகிறவர்கள் செய்வதில்லை. தன் பிரதிநிதி யார் என்பதை, அமைதியாக இருக்கும்போதே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லி வையுங்கள்.

வீட்டில் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். கிழித்துக்கொண்டால் கத்தாதீர்கள். காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ‘சாகணும்னு தோணுதாம்மா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள்; 14416 டெலி மானஸுக்கு அழையுங்கள், ஆபத்து என்றால் 108. ஆழமான காயமோ, மாத்திரை விழுங்கியதோ என்றால், அவள் நன்றாகத் தெரிந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போட்டுப் போலீசுக்குத் தகவல் போகும் என்று பயந்து தெருமுனை கிளினிக்கில் தையல் போட்டு மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு.