ஓடி நின்றதும் மூக்கில் இரத்தம்

குடியாத்தம் நண்பருக்கு, வேகமாக ஓட்டி நிறுத்தியதும் குதிரைக்கு இரண்டு மூக்கிலும் இரத்தம் வந்ததாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் அது நுரையீரலிலிருந்து வருவதுதான். முழு ஓட்டத்தில் அங்கே இருக்கிற நுண்ணிய இரத்தக்குழாய்களில் அழுத்தம் எகிறி வெடித்துவிடும். வெளியே இரத்தம் தெரிவது சில குதிரைகளுக்குத்தான். எங்கள் பழைய குதிரை ஓடி முடித்ததும் தலையைத் தொங்கப்போட்டு மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டே நிற்கும். அது விழுங்கியது நுரையீரலிலிருந்து வந்த இரத்தத்தை; நாங்களோ தாகம் என்று நினைத்துத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தோம்!

ஓட்டம் முடிந்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டுப் பார்த்தால் மூச்சுக்குழாயில் இரத்தம் தெரியும். வேலூரில் வசதி கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

நீங்கள் கேட்ட ஃபுரோசமைடு ஊசி, ஓட்டத்துக்குச் சுமார் 4 மணி நேரம் முன்பு போடுவது. இரத்தக் கசிவைக் குறைக்கும், சரி. ஆனால் உடம்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடும். நம்மூர் சித்திரை வெயிலில் டாக்டர் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.

இப்போதைக்கு ஓட்டத்தை நிறுத்துங்கள். வைக்கோலை நனைத்துப் போடுங்கள், தூசி அடங்கும். லாயத்தில் காற்று நன்றாக வரட்டும். அப்புறம், சும்மா நிற்கும்போதோ ஒரே மூக்கிலோ இரத்தம் வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.