கணவரின் கையொப்பம் யாருடைய வழமை?

கேள்வி: அம்மா எனக்குச் சீதனமாய் எழுதித் தந்த காணியில் இரண்டு பரப்பை மகளின் படிப்புக்காக விற்க நினைத்தேன். உறுதி என் பெயரில்தான் இருக்கிறது. ஆனாலும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். கணவர் பிரிந்து போய்ப் பல வருடங்களாகின்றன. வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின் இந்த விதியை மாற்ற வேண்டும் என்று வீட்டில் சொன்னால், "தேசவழமை எங்கள் இனத்தின் அடையாளம், அதில் கை வைக்கச் சொல்வது துரோகம்" என்கிறார் அண்ணர். இது உண்மையிலேயே எங்கள் முன்னோரின் வழமைதானா?

வாசகி, சாவகச்சேரி

பதில்: நீங்கள் எந்தத் துரோகமும் செய்யவில்லை, அம்மா. அண்ணர் காக்க நினைப்பது எது, அது எங்கிருந்து வந்தது என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நொத்தாரிசு உங்களிடம் காட்டும் விதி, தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்காக எழுதப்பட்ட 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவில் இருக்கிறது. மணமான பெண்ணின் ஆதனம் அவளுக்கே உரியது, கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது என்று அந்தப் பிரிவு நன்றாகத்தான் தொடங்குகிறது. அசையும் ஆதனத்தை அவள் தன் விருப்பப்படி கொடுக்கலாம். காணி, வீடு என்றால் மட்டும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். மரணசாதனம் எழுதுவதற்கோ எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை. அதாவது, நீங்கள் இறந்த பிறகு அந்தக் காணி யாருக்குப் போக வேண்டும் என்று நீங்களே தனித்து முடிவெடுக்கலாம். உயிரோடு இருக்கும்போது மகளின் படிப்புக்காக அதில் இரண்டு பரப்பை விற்க முடியாது.

இந்த விதியின் வாசகம் யாழ்ப்பாணத்தில் பிறந்ததல்ல. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில், கிட்டத்தட்ட இதே சொற்களில், வேறு பெண்களுக்காக எழுதப்பட்டது. கண்டியரும் முஸ்லிம்களும் தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழரும் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன்–டச்சுச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த மற்றவர்களுக்கான சட்டம் அது. உரோமன்–டச்சுச் சட்டத்தில் மனைவி கணவனின் பாதுகாவலுக்கு உட்பட்டவள், ஏறக்குறைய வயதுவராத பிள்ளைபோல. அந்த நிலையோடு பார்த்தால் 1876 இல் கிடைத்தது ஒரு முன்னேற்றமே: சொத்து அவளுடையது என்று சட்டம் ஒப்புக்கொண்டது, காணி விற்பனையில் மட்டும் கணவனின் பிடியை விட்டுவைத்தது. 35 வருடங்கள் கழித்து யாழ்ப்பாணத்துக்குச் சட்டம் எழுதியவர்கள் அந்த வாசகத்தை எடுத்து இங்கே வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. 1923 இல் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் வந்தது. பொதுச் சட்டத்தின் கீழ் இருந்த பெண்களுக்கு அந்தச் சம்மதக் கட்டு அறுந்தது. மணமாகாத பெண்ணைப் போலவே தன் காணியை வாங்கவும் விற்கவும் அவளுக்கு முழு உரிமை கிடைத்தது. தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழருக்கு இது பொருந்தாது என்று அதே சட்டம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. கண்டியச் சட்டத்தில் பெண்ணுக்கு இந்தக் கட்டு இல்லை. முஸ்லிம் பெண்ணுக்கும் இல்லை. காலியில் இருக்கும் சிங்களப் பெண்ணும் மட்டக்களப்பில் இருக்கும் தமிழ்ப் பெண்ணும் கணவனைக் கேளாமல் தங்கள் காணி உறுதியில் கையொப்பமிடலாம். உங்களால் முடியாது. ஒல்லாந்தச் சட்டத்தை நேரடியாகச் சுமந்தவர்களே நூறு வருடங்களுக்கு முன் இறக்கிவைத்துவிட்ட ஒன்றை, எங்கள் அடையாளம் என்று சொல்லி நாங்கள் சுமக்கிறோம்.

"1911 ஐ விடுங்கள், அதற்கு முந்திய பழைய தேசவழமை இருக்கிறதே" என்று அண்ணர் கேட்கக்கூடும். அதையும் பார்ப்போம். ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் 1706 இல் கட்டளையிட, நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த கம்பனி அதிகாரியான திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் தொகுத்து 1707 சனவரியில் ஒப்படைத்தார். எழுதப்பட்டது டச்சு மொழியில். பிறகு தமிழாக்கி, பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். அந்தப் பன்னிருவரும் ஆண்கள், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் செல்வாக்கோடு இருந்தவர்கள். ஒரு பெண்ணையும் எவரும் கேட்கவில்லை. நூறு வருடம் கழித்து ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அதுவரை ஊருக்கு ஊர் வேறுபட்டு, காலத்தோடு மெல்ல மாறிவந்திருக்கக்கூடிய வழக்கம் அந்த ஏட்டில் எழுதியபடியே நின்றுவிட்டது.

அந்த ஏட்டைப் பெண்களுக்கு நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். கணவன் தன் முதுசத்தில், அதாவது பரம்பரைச் சொத்தில், பத்தில் ஒரு பங்கை மனைவியைக் கேளாமல் தானமாகக் கொடுக்கலாம், மனைவியோ கணவனின் விருப்பத்துக்கு உட்பட்டவள் என்பதால் அவன் சம்மதமின்றி எதையும் கொடுக்க முடியாது என்று அதில் இருக்கிறது. ஆகவே ஒல்லாந்தர்மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு எங்கள் ஆண்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே ஏட்டில்தான் முதுசம், சீதனம், மணவாழ்வில் சம்பாதித்த தேடிய தேட்டம் என்ற பகுப்பும் இருக்கிறது. தாயின் சீதனம் மகளுக்கு என்ற வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் தனிச் சொத்து வைத்திருக்கும் உரிமையை 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முழுமையாகப் பெற்றாள். அதற்கு முன்பே, 1707 இல், யாழ்ப்பாணத்துப் பெண்ணின் சீதனக் காணி தனிக் கணக்காக எழுதப்பட்டிருந்தது. முன்னோரின் பெருமை பேச வேண்டுமென்றால் அண்ணர் இதைப் பேசட்டும். பங்காளிக்கும் உரித்தாளிக்கும் காணியை முதலில் வாங்கும் உரிமை தரும் விதியைப் பற்றியும் பேசட்டும். அதில் இன்னும் பயன் உண்டு என்று நினைக்கிறேன்.

அந்த ஏட்டில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று நான்கு பிரிவினரைப் பெயர் சொல்லி, அவர்களை வைத்திருப்பதற்கும் கொடுப்பதற்கும் விதி எழுதியிருந்தது. 1844 இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபோது அந்தப் பகுதி செத்தது. அதனால் தமிழினம் அடையாளத்தை இழந்ததா? 1911 இல் மரபுரிமை விதிகளை மாற்றினார்கள். 1947 இல் தேடிய தேட்டத்தைப் பற்றிய விதியை மீண்டும் மாற்றினார்கள். மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்ற தனி மரபு இருந்து, 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. மட்டக்களப்பார் தமிழர் இல்லாமல் போய்விட்டார்களா? ஆண்களுக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் திறந்த கதவு, பெண் ஒருத்தி தட்டும்போது மட்டும் "புனிதம்" என்று மூடப்படுவதை நான் ஏற்க மாட்டேன்.

சமத்துவத்தை அரசியலமைப்பு உறுதி செய்கிறதே, நீதிமன்றம் போனால் இந்தப் பிரிவை அடித்துவிடாதா என்று நீங்கள் நினைக்கலாம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் 16 ஆம் உறுப்புரை, ஏற்கெனவே இருந்துவரும் எழுதப்பட்ட சட்டமும் எழுதப்படாத சட்டமும் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று சொல்லிவிடுகிறது. பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாட்டையும் ஒழிக்கும் உலக உடன்படிக்கையை இலங்கை 1981 இல் ஏற்றுக்கொண்ட பிறகும் இந்த உறுப்புரை அப்படியே நிற்கிறது. ஆகவே ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் எழுதிவைத்ததை உயர் நீதிமன்றத்தாலும் தள்ளிவைக்க முடியாது. பாராளுமன்றம் மட்டுமே மாற்றலாம். பாராளுமன்றமோ, தமிழர் தாமே கேட்கட்டும் என்கிறது. தமிழ்த் தலைவர்களோ, இனப் பிரச்சினை தீரட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார்கள்.

அந்தப் "பிறகு" யாரை வாட்டுகிறது என்று பாருங்கள். போரில் கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் வடக்கின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு போனவர் எங்கே என்று கேட்டு நிற்கும் அவர்களில் பலர் மரணச் சான்றிதழை வாங்க மறுக்கிறார்கள். அது நியாயமான மறுப்பு. 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழி வந்தது. ஆனால் தன் தாயின் காணியை விற்க, இல்லாத கணவனின் சம்மதத்துக்கு ஈடாக ஒரு நீதிமன்றக் கட்டளையைத் தேடி அவள் அலைய வேண்டும் என்பது 1911 இல் எழுதியபடியே இருக்கிறது. இந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து, இது எங்கள் பண்பாடு என்று சொல்ல அண்ணரால் முடியுமா?

மாற்றம் கேட்பவர்கள் தேசவழமையை முழுதாக அழிக்கச் சொல்ல வேண்டியதில்லை. 6 ஆம் பிரிவில் அசையா ஆதனத்துக்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற சொற்களை எடுத்துவிட்டால் உங்கள் சிக்கல் தீரும். 3 ஆம் பிரிவையும் கூடவே பார்க்க வேண்டும். தேசவழமைப் பெண் வெளியே மணந்தால் அந்த மணம் நீடிக்கும்வரை அவளுக்குத் தேசவழமை இல்லை, வெளியிலிருந்து ஒருத்தி தேசவழமை ஆணை மணந்தால் அவளும் அதற்கு உட்படுவாள் என்கிறது அது. பெண்ணின் சட்டம் கணவனின் பின்னால் நடக்க வேண்டிய தேவை இன்று இல்லை. இந்தத் திருத்தத்தை எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களே முன்வைக்கலாம். தேர்தலில் வாக்குக் கேட்டு வரும்போது அவர்களிடம் பிரிவு இலக்கத்தைச் சொல்லியே கேளுங்கள்.

திருத்தம் வரும்வரை உங்கள் மகளின் படிப்பு காத்திருக்க முடியாது. அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருவரும் இணங்கிப் பிரிந்திருந்தால், இரண்டு வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்தால், மனநலம் குன்றியிருந்தால், இருப்பிடம் தெரியாவிட்டால், காரணமின்றிச் சம்மதம் தர மறுத்தால், அல்லது உங்கள் நன்மைக்கோ பிள்ளைகளின் நன்மைக்கோ தேவைப்பட்டால், அவருடைய சம்மதமின்றியே விற்க மாவட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம். நீங்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய நீதிமன்றத்திலோ காணி இருக்கும் இடத்துக்கு உரிய நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். காணி உறுதி, திருமணப் பதிவு, மகளின் அனுமதிக் கடிதம், கணவர் பிரிந்திருப்பதைக் காட்டும் ஏதாவது எழுத்து ஆகியவற்றோடு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அதற்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போய் உங்களுக்கு உதவி கிடைக்குமா என்று கேளுங்கள்.