ஸ்மார்ட்போனில் சிம்மைப் போட்டதும் டேட்டா கட்டணம் ஏறுவது ஏன், அதை இறக்குவது எப்படி

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அம்மாவுக்காக அமெரிக்காவில் உங்கள் ஃபேமிலி பிளானில் ஒரு லைன் சேர்த்தீர்கள். முதலில் சாதாரண மடக்குப் போன், கட்டணம் குறைவு. பிறகு வாட்ஸ்அப்புக்காக அந்த சிம்மை எடுத்து, சென்னையில் வாங்கிய பழைய ஆண்ட்ராய்டில் போட்டுக் கொடுத்தீர்கள். மொபைல் டேட்டா ஆஃப், வீட்டு வைஃபை மட்டும். அப்படியும் அடுத்த பில்லில் டேட்டா பேக்கேஜ் ஏறிவிட்டது. கேட்டால், "ஸ்மார்ட்போன் என்றால் டேட்டா பிளான் கட்டாயம்" என்கிறார்கள். பயன்படுத்தாததற்கு எப்படிப் பணம் வாங்கலாம், எடுக்க வழி உண்டா?

வாங்கலாம். நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளிலேயே அது எழுதியிருக்கும். எடுக்கவும் வழி உண்டு. கஸ்டமர் கேரில் மணிக்கணக்காகச் சண்டை போடுவது மட்டும் அந்த வழி இல்லை.

நடந்தது என்னவென்றால், எந்தப் போனில் சிம் போட்டாலும் நெட்வொர்க்கில் சேரும்போதே அந்தப் போன் தன் ஐஎம்இஐ எண்ணைச் சொல்லிவிடும். 15 இலக்கம் கொண்ட எண் அது. முதல் 8 இலக்கம் போனின் தயாரிப்பையும் மாடலையும் குறிக்கும். *#06# என்று அடித்தால் திரையில் தெரியும். இரண்டு சிம் போடும் போனில் இடத்துக்கு ஒன்றாக இரண்டு எண் வரும். பில்லிங் கணினி இந்த 8 இலக்கத்தைத் தன் பட்டியலோடு ஒப்பிடுகிறது. லைன் பேசிக் போன் பிளானில் இருக்கிறது, போனோ ஸ்மார்ட்போன் என்று தெரிந்தால் பிளானைத் தானாகவே மாற்றிவிட்டு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அம்மாவின் போனுக்கு அது ஆங்கிலத்தில் வந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

அதனால் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்வதால் இதில் ஒரு பயனும் இல்லை. அது போனுக்குள் இருக்கும் சுவிட்ச்; கட்டணமோ போனின் அடையாளத்தைப் பார்த்துப் போடுவது. "டேட்டா பிளாக் போடுங்கள்", அதாவது லைனில் டேட்டாவை நிறுவனமே அடைத்துவிடச் சொல்லுங்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். பிளான் இல்லாத லைனில் தவறுதலாக டேட்டா ஓடி பில் ஏறாமல் தடுக்க அது உதவும். ஸ்மார்ட்போனுக்கான மாதக் கட்டணத்தை அது குறைக்காது. பிளாக் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் அடுத்த மாதமும் அதே தொகையைக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த வழக்கம் புதிதல்ல. 2009 செப்டம்பரில் ஏடி அண்ட் டி என்ற பெரிய அமெரிக்க மொபைல் நிறுவனம், ஸ்மார்ட்போன் என்றால் டேட்டா பிளான் கட்டாயம் என்று ஆக்கியது. இன்னொரு பெரிய நிறுவனமான வெரைசானில் அப்போது அது மாதம் 29.99 டாலர். 2010 ஜூனில் ஏடி அண்ட் டி அளவில்லா பிளானை நிறுத்தி, 200 எம்பிக்கு 15 டாலர், 2 ஜிபிக்கு 25 டாலர் என்று கொண்டுவந்தது. 600 டாலர் போனை இரண்டு வருட ஒப்பந்தத்தில் 200 டாலருக்குக் கொடுக்கிறோம், அதை மீட்க வேண்டாமா என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் முழுப் பணம் கொடுத்துத் தானே வாங்கிய போனுக்கும், பழைய போனுக்கும் அதே கட்டணத்தைப் போட்டார்கள். அதற்கு அந்த வாதம் பொருந்தவே பொருந்தாது. 2012 ஜூனில் வெரைசான் பகிர்வு பிளான் கொண்டுவந்தபோது, டேட்டாவுக்குத் தனியாகக் கட்டுவதோடு ஸ்மார்ட்போன் லைனுக்கு 40 டாலர், பேசிக் போன் லைனுக்கு 30 டாலர் என்று வைத்தது. இன்று பெரும்பாலும் அன்லிமிடெட் பிளான் என்பதால் 'கட்டாய டேட்டா' என்று தனி வரி பில்லில் தெரிவதில்லை, அவ்வளவுதான். உங்கள் லைன் பேசிக் பிளானிலிருந்து தாவியதால் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது.

சட்டம் இதில் ஏன் தலையிடவில்லை என்றால், ஸ்மார்ட்போனுக்குப் பேச்சு மட்டும் உள்ள பிளானை விற்றே ஆகவேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் கூட்டரசு விதி இல்லை. சொல்லாமல் பணம் பறிப்பது வேறு விஷயம். டேட்டா பிளானே இல்லாத போன்களில், தெரியாமல் ஒரு பட்டனை அழுத்தினாலும் 1 எம்பிக்கு 1.99 டாலர் பிடித்த விவகாரத்தில், வெரைசான் வயர்லெஸ் 2010 அக்டோபரில் அரசுக் கருவூலத்துக்கு 2.5 கோடி டாலர் கட்டியது. வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 5.28 கோடி டாலர் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது. உங்களுடையது அந்த வகை இல்லை. எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று மட்டும் அம்மாவின் போனில் தேடிப் பாருங்கள். வரவே இல்லை என்றால் உங்கள் கை ஓங்கும்.

இனி செய்யவேண்டியது. முதலில் பில்லை லைன்வாரியாகத் திறந்து, கட்டணம் எந்தத் தேதியில் ஏறியது என்று பாருங்கள். போஸ்ட்பெய்டில் அடுத்த மாதத்துக்கு முன்கூட்டியே வாங்குவார்கள். ஆகவே மாதத்தின் நடுவில் பிளான் மாறினால், முதல் பில்லில் மீதி நாள்களுக்கானதும் அடுத்த முழு மாதத்துக்கானதும் சேர்ந்து வரும். இரண்டு முறை பிடித்துவிட்டார்கள் என்று பதறுவது இதைப் பார்த்துத்தான்.

மடக்குப் போனுக்கே திரும்புவது ஒரு வழி. சிம்மை அதில் போட்டு, ஆன் செய்து, ஒரு அழைப்பு பேசிவிட்டு, கணக்குப் பக்கத்தில் அந்த லைனுக்கு எதிரே பேசிக் போனின் பெயர் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்த பிறகுதான் சாட்டில் போய் பழைய பிளானுக்கு மாற்றச் சொல்லவேண்டும். ஸ்மார்ட்போனில் சிம் இருக்கும்போதே கேட்டால் ஏஜென்ட் மாற்றிக் கொடுப்பார், கணினி பழையபடி ஏற்றிவிடும். போன ஒரு மாதத் தொகையை கிரெடிட்டாகத் தரமுடியுமா என்று அதே சாட்டில் கேளுங்கள். முதல் தடவை என்றால் பெரும்பாலும் தருவார்கள். சாட்டின் நகலைச் சேமித்து வையுங்கள். ஸ்மார்ட்போனை அதன்பின் சிம் இல்லாமல் வீட்டு வைஃபையில் வைத்துக்கொண்டால் வாட்ஸ்அப் தாராளமாக ஓடும். அம்மா வெளியே தனியாகப் போகாதவர் என்றால் இதுவே போதும்.

இரண்டு போன் தூக்க வைப்பது சரிப்படாது என்றால் எண்ணை ப்ரீபெய்டுக்கு மாற்றுங்கள். நான் சொல்வது இதைத்தான். ப்ரீபெய்டில் முன்கூட்டிக் கட்டியதற்கு மேல் ஏற இடமில்லை. கிரெடிட் வரலாறு பார்க்கமாட்டார்கள், சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டாம், விசிட்டர் விசாவில் வந்தவர் பெயரிலேயே எடுக்கலாம். ஏடி அண்ட் டி, வெரைசான், டி-மொபைல் என்ற பெரிய மூன்று நிறுவனங்களின் டவரில் ஓடும் சிறு பிராண்டுகள் நிறைய உண்டு. டெல்லோவும் மின்ட்டும் டி-மொபைல் டவரில் ஓடுபவை, விசிபிள் வெரைசானில், கிரிக்கெட் ஏடி அண்ட் டியில். டெல்லோவில் நிமிடமும் டேட்டாவும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், டேட்டாவைச் சுழியமாகவும் வைக்கலாம். மின்ட்டில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று மொத்தமாகக் கட்டவேண்டும். உங்கள் தெருவில் எந்த டவர் நன்றாக எடுக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிராண்டை முடிவு செய்யுங்கள்.

எண்ணை மாற்றுவதில் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: பழைய லைனை முதலில் கேன்சல் செய்துவிடுகிறார்கள். எண் போய்விடும். லைன் உயிரோடு இருக்கும்போதே புதிய நிறுவனத்தில் கோரிக்கை போடவேண்டும். எண் போய்ச் சேர்ந்ததும் பழைய லைன் தானாக மூடிக்கொள்ளும். அதற்குக் கணக்கு எண்ணும், எண் மாற்றத்துக்கென்று தரும் 'பின்' (PIN) என்ற தனி ரகசிய எண்ணும் வேண்டும். லாகின் பாஸ்வேர்டு வேறு, இந்த பின் வேறு. ஏடி அண்ட் டியில் *7678, வெரைசானில் #7678 அடித்து வாங்கலாம், டி-மொபைலில் கணக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். ஃபேமிலி பிளானில் அதைக் கணக்கின் உரிமையாளர்தான் எடுக்கமுடியும். இந்த பின் சில நாள்களில் காலாவதியாகும் என்பதால் புதிய சிம் கையில் வந்த பிறகு வாங்குங்கள். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவிடாமல் பூட்டு போட்டிருந்தால் திறந்துவிடுங்கள். பெயரும் ஜிப் கோடும் பழைய பில்லில் உள்ளபடியே இருக்கவேண்டும். உங்கள் பெயரில் கணக்கு, அம்மா பெயரில் கோரிக்கை என்றால் திருப்பி அனுப்பிவிடக்கூடும். எல்லாம் பொருந்தினால் சில மணி நேரத்தில், தவறினால் ஒரு வேலை நாளில் முடிந்துவிடும்.

கிளம்புமுன் இரண்டு கணக்குப் பாருங்கள். பில் சுழற்சியின் நடுவில் வெளியேறினால் பல நிறுவனங்கள் மீதி நாள்களுக்குப் பணம் தராது. எனவே சுழற்சி முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது மாற்றுங்கள். அடுத்தது, உதாரணமாக நான்கு லைன் மூன்றாகும்போது மற்ற மூன்றின் லைன் கட்டணமும் ஏறும். அந்த லைனோடு சேர்த்து ஏதாவது இலவசப் போன் வாங்கியிருந்தால் மாதாமாதம் வரும் கிரெடிட் நின்று, போனின் மீதித் தவணை மொத்தமாக வந்து நிற்கும். மாதம் 15 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் 400 டாலர் கட்டுவது இப்படித்தான்.

சென்னைப் போன் இங்கே ஒழுங்காக வேலை செய்யுமா என்பதை, பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். 2022-க்குள் மூன்று பெரிய நிறுவனங்களும் 3ஜியை மூடிவிட்டன. இப்போது அழைப்பு பெரும்பாலும் 4ஜி வழிக் குரலில், அதாவது வோல்ட்டியில்தான். இந்தியாவுக்காகச் செய்த பல மாடல்களில் இன்டர்நெட் பறக்கும், அழைப்பு போகாது. இந்த நிறுவனத்துக்கான வோல்ட்டி அமைப்பு போனில் இல்லாததுதான் காரணம். ஏடி அண்ட் டி தன் பட்டியலில் உள்ள மாடலை மட்டுமே அனுமதிக்கிறது, அதன் டவரில் ஓடும் பிராண்டுகளுக்கும் அதே தலைவலி. இந்தியப் போன்களுக்கு டி-மொபைல் டவர் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்ளும். ஆனால் ஊர்ப்புறத்துக்கும் கட்டடத்துக்குள்ளும் அது நம்பியிருக்கும் 12, 71 என்ற அலைவரிசைப் பேண்டுகள் பல இந்திய மாடல்களில் கிடையாது. வால்மார்ட்டின் உள்பக்கம் போனதும் சிக்னல் செத்துவிட்டால் இதுதான் காரணம். ஐஎம்இஐயை நிறுவனத்தின் சோதனைப் பக்கத்தில் போட்டுப் பார்த்து, வைஃபை அழைப்பையும் ஆன் செய்து, அதில் கேட்கும் அவசர முகவரியில் உங்கள் வீட்டு முகவரியைக் கொடுங்கள். 911-க்கு அடித்துச் சோதிக்காதீர்கள். உங்களுக்கே ஒரு அழைப்பு போட்டால் போதும்.

டேட்டாவைச் சுழியமாக வைக்கலாமா என்றால், வைக்காதீர்கள் என்பேன். இங்கே படத்தோடு வரும் மெசேஜும் குழு மெசேஜும் பெரும்பாலும் எம்எம்எஸ் ஆகத்தான் வரும். ஆண்ட்ராய்டில் அதற்கு மொபைல் டேட்டா தேவை. பேரனின் பள்ளி ஆசிரியை குழுவில் போட்டது அம்மாவுக்கு 'டவுன்லோடு ஆகவில்லை' என்றே நிற்கும். வழி தவறினால் லொகேஷன் அனுப்பவும் முடியாது. 1 அல்லது 2 ஜிபி உள்ள பிளான் மாதம் 10 டாலர் சுற்றில் கிடைக்கிறது. அதை எடுத்து, வாட்ஸ்அப்பின் தானியங்கி டவுன்லோடை வைஃபைக்கு மட்டும் என்று வைத்து, யூடியூபுக்கு மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டால் மாதம் முழுவதும் தாங்கும்.

பிளான் வாங்கும் பக்கத்தில் பிராட்பேண்ட் லேபிள் என்று ஒரு கட்டம் இருக்கும். 2024 முதல் அது கட்டாயம். மாதக் கட்டணம், கூடுதல் கட்டணங்கள், டேட்டா அளவு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். போஸ்ட்பெய்டில் 'நிர்வாகக் கட்டணம்' என்று ஒரு வரி வரும், அரசு வரிபோலத் தோன்றும். அது நிறுவனமே போட்டுக்கொள்வது. ஆட்டோபே தள்ளுபடி போட்ட விலையாக இருந்தால், பெரும்பாலும் வங்கிக் கணக்கோ டெபிட் கார்டோ கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

பேசிக் போனுக்கு மாறிய பிறகும் கட்டணம் நிற்கவில்லை, கிரெடிட் தருவதாகச் சொல்லித் தரவில்லை என்றால் எஃப்சிசி என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் இணையதளத்தில் நுகர்வோர் புகார் போடுங்கள். செலவு கிடையாது, வக்கீல் வேண்டாம். தேதி, தொகை, சாட் நகல் மூன்றையும் இணையுங்கள். புகார் நிறுவனத்துக்குப் போய், 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தரவேண்டும். கஸ்டமர் கேரில் இல்லாத அதிகாரம் உள்ள ஒருவர் உங்களை அழைப்பார். 'ஸ்மார்ட்போனுக்கு டேட்டா கட்டாயம் என்பது அநியாயம்' என்று மட்டும் எழுதினால் விதிமுறையின் நகலை அனுப்பிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

அம்மாவின் இந்திய சிம் இரண்டாவது இடத்தில் இருக்கும், வங்கி ஓடிபிக்காக. அதில் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்யுங்கள். சிக்னல் குறையும்போது மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தாவும் அமைப்பு ஒன்று இருக்கும், அதையும் ஆஃப் செய்யுங்கள். அழைப்புக்கு எப்போதும் இங்குள்ள சிம் என்று நிலையாக வையுங்கள். 'ஒவ்வொரு முறையும் கேள்' என்று விட்டால் அம்மா மேலே தெரியும் பெயரைத் தொடுவார், ரோமிங்கில் நிமிடக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.