மடத்துக்கு இரட்டை விலையா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் மகன் டிசம்பரில் எங்களைப் புவேர்ட்டோ ரிக்கோ (அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள கரீபியன் தீவு) அழைத்துப் போகிறான். அதன் தலைநகரின் பழைய பகுதியான பழைய சான் ஹுவானில் 'எல் கான்வென்டோ' என்று ஒரு ஹோட்டல் பார்த்து வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் கன்னியாஸ்திரீகள் மடமாம். அதே தெருப் பக்கம் செல்போன் ஆப்பில் முழு வீடே பாதி வாடகைக்குக் கிடைக்கிறது. பழைய சுவருக்காக இவ்வளவு கொட்டுவது ஏமாளித்தனம் இல்லையா?

பதில்: சுவருக்காகத்தான் கொட்டப் போகிறீர்கள் என்றால் ஏமாளித்தனம்தான், சந்தேகமே வேண்டாம்.

மடம் 1651-ல் தொடங்கியது என்பது நிஜம். கணவரை இழந்த ஒரு பணக்காரப் பெண்மணி தன் வீட்டைக் கொடுக்க, கார்மேல் சபைச் சகோதரிகள் 1903 வரை அங்கே இருந்தார்கள். பயண விளம்பரங்கள் இந்த இடத்திலிருந்து ஒரே தாவாகத் தாவி, மெழுகுவர்த்தியும் மரக்கட்டிலுமாக இன்றைக்கு வந்து நிற்கும். நடுவில் அந்தக் கட்டடம் கடையாக இருந்தது, நடனக் கூடமாக இருந்தது, தண்ணீரும் கரண்டும் இல்லாத மலிவு விடுதியாக இருந்தது, கடைசியில் குப்பை லாரி நிறுத்தும் இடமாகவும் ஆனது. பழைய நகரத்தைக் காப்பாற்றிப் புதுப்பிக்கும் வேலையை 1955-க்குப் பிறகு ரிக்கார்டோ அலெக்ரியா என்ற மனிதர் முன்னின்று நடத்தினார். அந்தக் காலத்தில்தான் அமெரிக்காவின் உல்வொர்த் கடைகளை (ஐந்து காசு, பத்து காசுக்குச் சாமான் விற்றுக் கோடீஸ்வரர் ஆன குடும்பம்) நடத்தியவர்களின் வாரிசு ஒருவர் இதை வாங்கி, 1962-ல் ஹோட்டலாகத் திறந்தார். தொண்ணூறுகளில் மறுபடி பெரிய மராமத்து. ஆக, நீங்கள் படுக்கப் போகிற 'ஸ்பானிய' கட்டிலுக்கும் கன்னியாஸ்திரீகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முற்றத்து நிஸ்பெரோ என்ற பழ மரத்துக்கு 300 வயது என்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அப்புறம் எதற்குப் பணம்? இடத்துக்கு. அந்தப் பெண்மணியின் வீடு கதீட்ரலுக்கு (தலைமைத் தேவாலயத்துக்கு) நேர் எதிரில் இருந்தது. அதுதான் இன்றைக்கும் விலை. வாசலில் சின்ன மரத்தடிச் சதுக்கம், அதைத் தாண்டினால் தீவின் முதல் ஸ்பானிய ஆளுநர் போன்ஸ் தெ லியோனின் கல்லறை உள்ள அந்தக் கோவில், அதன் எதிரே கடலை நோக்கி இறங்கும் ஒரு குட்டித் தெரு, அதன் முடிவில் கோட்டைச் சுவரில் சிவப்பு வாசல். கப்பலில் வந்து இறங்கிய ஸ்பானியர்கள் அந்த வாசல் வழியாக நுழைந்து நேராகக் கோவிலுக்குப் போய்க் கும்பிடுவார்களாம். எல் மோரோ கோட்டைக்கும் நடந்தே போகலாம். பகலில் சுற்றுலாக் கப்பல்கள் நின்றால் இந்தத் தெருக்களில் நம் ரங்கநாதன் தெருவே தேவலை என்று தோன்றும். கப்பல் கிளம்பிய பிறகும், விடிகாலையிலும் ஊர் உங்களுடையது. கடற்கரை ஹோட்டலில் இருந்து டாக்ஸி பிடித்து வருகிறவருக்கு அந்த இரண்டு வேளையும் கிடைக்காது.

ஆப்பில் எடுத்தாலும் அதே இடம்தானே என்று மடக்குவீர்கள். இடம் அதேதான், நியாயம் வேறு. பழைய சான் ஹுவானில் குடியிருந்தவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலாக்காரர்களுக்கான நாள் வாடகை வீடாக மாறிக்கொண்டே இருக்கின்றன, வாடகை ஏறிக்கொண்டே போகிறது, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வெளியேறுகிறார்கள், அதை எதிர்த்து ஊர்க்காரர்கள் போராடியும் வருகிறார்கள். ஹோட்டலில் தங்கினால் யார் குடித்தனத்தையும் நீங்கள் காலி செய்யவில்லை. பாதி விலை என்று சந்தோஷப்படும்போது மீதிப் பாதியை யார் கொடுக்கிறார்கள் என்றும் ஒரு தடவை யோசியுங்கள்.

இன்னொன்று, கரண்ட். அந்தத் தீவில் 2024 டிசம்பர் 31-லும் 2025 ஏப்ரல் 16-லும் ஏறக்குறைய தீவு முழுக்க மின்சாரம் போனது. எங்கே எடுத்தாலும் முதல் கேள்வி ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதாக இருக்கட்டும், நீச்சல் குளத்தை அப்புறம் விசாரிக்கலாம். (இந்த ஹோட்டலில் மாடியில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. நீந்த முடியாது, நனையலாம்.) அறை விலைக்கு மேல் 9 சதவீத வரி உண்டு, காசினோ வைத்த ஹோட்டல் என்றால் 11. 'ரிசார்ட் கட்டணம்' என்று தனியாக எதையாவது சேர்க்கிறார்களா என்று மகனை மொத்தத் தொகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் அமெரிக்க விசாவே போதும், நியூ ஜெர்சியிலிருந்து அது உள்நாட்டு விமானம்தான். தெருவெல்லாம் நீலச் சாயலில் கல் பாவியிருக்கும், மழை பெய்தால் வழுக்கும், ஏற்ற இறக்கம் வேறு. முட்டி வலிக்காரர் என்றால் நல்ல ஷூ கட்டாயம்.

டிசம்பர் நல்ல மாதம், புயல் காலம் நவம்பரோடு முடிந்துவிடும். ஒருவேளை மகனுக்கு லீவு தள்ளிப்போய் ஜனவரி மூன்றாவது வாரம் என்று ஆனால், சொன்னதையெல்லாம் மறந்துவிட்டுக் 'கொண்டாடோ' என்ற பகுதியில் கடற்கரை ஹோட்டலில் போடச் சொல்லுங்கள். அப்போது பழைய நகரத்தில் சான் செபஸ்தியான் தெரு விழா. தூக்கத்துக்கு எந்தச் சுவரும் உத்தரவாதம் தராது.