ரேடியோ ஹெலிகாப்டரைக் கிளப்பும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

450 சைஸ் மின்சார ஹெலி, 3எஸ் (மூன்று செல் தொடராக இணைந்த) 2200 எம்ஏஎச் பேட்டரி, ஃப்ளைபார் (ரோட்டரை நிலைப்படுத்தும் எடைக்கம்பி) இல்லாத ஹெட் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 325 மிமீ பிளேடு 2800 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் நுனி வேகம் மணிக்குச் சுமார் 370 கிமீ. பொம்மைதானே என்று யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

பேட்டரியைச் சொருகும் முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். ஒவ்வொரு பால் லிங்க்கையும் (கட்டுப்பாட்டுக் கம்பிகளின் முனையில் உருண்டையில் மாட்டும் இணைப்பு) விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கழன்றால் மாற்றிவிடுங்கள், விலை அற்பம். பறக்கும்போது ஒன்று கழன்றால் அதன்பின் ஸ்டிக்கை ஆட்டிப் பயனில்லை. பிளேடைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு ஒரு சோதனை: ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தன் எடையில் தொங்கக் கூடாது; லேசாக உதறினால் மடங்க வேண்டும். இரண்டு பிளேடும் ஒரே இறுக்கத்தில் இருப்பது முக்கியம். மெயின் கியரை ஒரு முழுச் சுற்று கையால் மெதுவாகச் சுற்றினால் தேய்ந்த பல் கைக்கே தெரியும். டெயில் பெல்ட் தொய்ந்திருந்தால் சுமை ஏறும்போது பல் தாவும். உலோகத்தில் உலோகம் இறங்கும் ஸ்க்ரூவுக்கெல்லாம் நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) அவசியம். பிளாஸ்டிக்கில் அதைப் போட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். உப்பியிருந்தால் யோசிக்காமல் ஓரங்கட்டுங்கள். ஸ்ட்ராப்பை இறுக்கிய பின் ரோட்டர் ஹெட்டைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஹெலி மட்டமாக நிற்காவிட்டால் பேட்டரியை முன்பின் நகர்த்த வேண்டும்.

அடுத்து ரிமோட். முதலில் அதில் சரியான மாடல் மெமரி (இந்த ஹெலிக்கான அமைப்பு) இருக்கிறதா, த்ராட்டில் ஹோல்டு (மோட்டார் ஓடாமல் தடுக்கும் சுவிட்ச்) ஆன், ஐடில் அப் (ஸ்டிக் கீழே இருந்தாலும் மோட்டாரை வேகமாக ஓடவிடும் சுவிட்ச்) ஆஃப், த்ராட்டில் ஸ்டிக் கீழே என்று பார்த்த பிறகே பேட்டரியைச் சொருக வேண்டும். கைரோ (ஹெலி திரும்புவதை உணர்ந்து திருத்தும் கருவி) துவங்கி முடியும்வரை ஹெலியைத் தொடாதீர்கள். அசைந்தால் நடுநிலையைத் தப்பாக எடுத்துக்கொண்டு டெயில் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

இனிமேல்தான் பலரும் விட்டுவிடும் சோதனை. ஹோல்டு ஆனில் இருக்கும்போதே ரட்டர் ஸ்டிக்கை (மூக்கை இடவலமாகத் திருப்புவது) வலப்பக்கம் தள்ளி, டெயில் ஸ்லைடர் (வால் பிளேடின் கோணத்தை மாற்ற நகரும் பாகம்) எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஹெலியின் மூக்கைக் கையால் சட்டென்று இடப்பக்கம் திருப்புங்கள். ஸ்டிக்கைத் தள்ளியபோது போன அதே பக்கம் ஸ்லைடர் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் கைரோ தலைகீழ். கிளம்பிய நொடியிலேயே ஹெலி பம்பரமாகச் சுற்றும். இதேபோல மூக்கைக் கீழே சாய்த்தால் ஸ்வாஷ்ப்ளேட் (ரோட்டருக்குக் கீழே சாய்ந்து பிளேடு கோணத்தை மாற்றும் தட்டு) பின்பக்கம் சாய வேண்டும். புது செட்டப், சர்வோ (பாகங்களை அசைக்கும் சின்ன மோட்டார்) மாற்றியது, விழுந்து எழுந்தது என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது.

ரிசீவரைப் புதிதாக பைண்ட் செய்திருந்தால் (ரிமோட்டோடு இணைத்திருந்தால்) ஃபெயில்சேஃபையும், அதாவது சிக்னல் அறுந்தால் ஹெலி என்ன செய்கிறது என்பதையும், பாருங்கள். பினியனை (மோட்டாரிலுள்ள சின்ன கியர்) மெயின் கியரிலிருந்து விலக்கி, மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நின்றே ஆக வேண்டும்.

கடைசியாக, டைமரை 4 நிமிடத்துக்கு வையுங்கள். இறக்கிய பின் சார்ஜரில் 1760 எம்ஏஎச்சுக்கு மேல் ஏறினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். அதாவது 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டீர்கள். பத்து மீட்டர் தள்ளி நின்று மெதுவாக வேகமேற்றுங்கள். சுற்றும் பிளேடு நுனிகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் இரட்டைத் தட்டாகத் தெரிந்தால் நிறுத்தி, ஒரு பிளேடின் லிங்க்கை அரைச் சுற்று திருகிப் பாருங்கள். பறந்து முடித்ததும் ரோட்டர் முழுதாக நிற்கட்டும். முதலில் ஹெலியின் பேட்டரியைக் கழற்றுங்கள், அப்புறம்தான் ரிமோட்டை அணைக்க வேண்டும்.