இடுப்பு எலும்பில் துளை போட்டால் நடை போய்விடுமா?

கேள்வி: கணவருக்கு 43 வயது, லாரி ஓட்டுகிறார். இடது இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டம் இல்லாமல் எலும்பு செத்துக்கொண்டிருக்கிறதாம். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ-யில் இரண்டாம் கட்டம் என்று வந்தது. துளை போடச் சொல்கிறார்கள். உடம்பு முழுக்கப் பரவுமா? ஊரில் எண்ணெய்க் கட்டு போட்டுப் பார்க்கலாமா?
- ஈசூன் வாசகி

பதில்: புற்றுநோய் மாதிரி பரவாது அம்மா. ராத்திரி இரண்டு மணிவரை இணையத்தில் தேடினால் அப்படித்தான் பயம் வரும். எண்ணெய்க் கட்டு, கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் கால்சியம், முட்டியில் வரும் சத்தம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். மனிதர் மறுபடி லாரி ஏறுவாரா என்பதுதானே உங்கள் கவலை? ஏறலாம், தொடை எலும்பின் தலை உருண்டையாக இருக்கும்போதே வேலையை முடித்தால்.

உள்ளே எலும்பு செத்தாலும் மேல் ஓடு கொஞ்ச காலம் தாங்கும், இரண்டாம் கட்டம் என்பது இதுதான். அந்த நேரத்தில் தொடையின் வெளிப்பக்கம் சின்னதாகக் கீறி, எலும்புக்குள்ளேயே செத்த இடம்வரை துளைத்து, உள்ளே ஏறிய அழுத்தத்தை இறக்கிவிடுவார்கள். புது ரத்தக்குழாய் வளர அது வழி. சில டாக்டர்கள் நோயாளியின் மஜ்ஜையையே எடுத்து அதில் விடுவதும் உண்டு. அப்புறம் ஆறு வாரம் போல ஊன்றுகோல், ஏனென்றால் துளை போட்ட எலும்பு பாரம் தாங்காமல் முறியலாம். எல்லாருக்கும் பலிக்காது, செத்த பகுதி பெரிதாக இருந்தால் தோற்கலாம். ஓடு நொறுங்கிவிட்டால் பெரும்பாலும் மூட்டு மாற்றுதான். அதுவும் நல்ல ஆபரேஷன், இருபது வருஷம் தாண்டியும் பலருக்கு ஓடுகிறது. ஆனால் 43 வயதில் போட்டால் பின்னால் இன்னொன்று தேவைப்படலாம், அதனால்தான் சொந்த எலும்பைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

இப்போது, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய விஷயம். போன வாரம் லாரியிலிருந்து குதித்து இறங்கியபோது தொடை இடுக்கில் சுரீர் என்றது, அதிலிருந்து காலை இழுத்து நடக்கிறார், சாக்ஸ் மாட்டிவிட உங்களைக் கூப்பிடுகிறார். இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! ஓடு அமுங்கியிருக்கலாம் என்பதன் அடையாளம் இது. அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கு முந்தைய படத்தை வைத்துத் துளை போடுவதில் அர்த்தமில்லை. அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவமனைக்குப் போன் போட்டு இதைச் சொல்லிப் புது எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை லாரி வேண்டாம், கைத்தடியை வலது கையில் பிடிக்கட்டும் (இடது கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்). வலிக்காத வலது இடுப்பையும் பார்த்தார்களா என்று கேளுங்கள், பலருக்கு இரண்டு பக்கமும் வருகிறது.

அப்புறம் முதுகுவலிக்கு என்று மூன்று வருஷமாக ஜோகூரிலிருந்து வாங்கிவரும் அந்த 'மூலிகை' மாத்திரை. இரண்டே நாளில் வலி பறந்து, பசி கூடி, முகமும் உப்பினால் எனக்கு ஸ்டீராய்டு சந்தேகம்தான் வரும். இப்படி ரகசியமாக டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்தவை பற்றி நம் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் எத்தனையோ முறை எச்சரித்துவிட்டது. இடுப்பு எலும்பு சாக ஸ்டீராய்டு முக்கியக் காரணம். அதற்காக இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வருஷக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம், டாக்டர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டருக்கும் இது தெரிந்தாக வேண்டும். எக்ஸ்ரேக்குப் போகும்போது பாட்டிலையும் பையில் போடுங்கள், லேபிள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.