நெஞ்சில் கட்டிய கேமரா: மலைச் சைக்கிள்காரர்களுக்குப் பதில்கள்

குன்னூரைச் சுற்றியுள்ள தோட்டப் பாதைகளில் பத்து ஆண்டுகளாக மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். அதில் எட்டு ஆண்டுகள் நெஞ்சில் ஆக்‌ஷன் கேமராவும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் எடுத்தவற்றில் பார்க்கத் தகுந்தது மொத்தம் நான்கு நிமிடம் தேறும். அந்தத் தகுதியோடுதான் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

கோவையிலிருந்து: அண்ணா, புதிதாக நெஞ்சுப் பட்டை வாங்கி அரை மணி நேரம் படம் எடுத்தேன். போட்டுப் பார்த்தால் முன் டயரும் என் முழங்காலும்தான் தெரிகின்றன. கேமராவில் கோளாறா?

கேமரா மேல் தப்பில்லை, தம்பி. கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று கோணம் வைத்திருப்பீர்கள். இறக்கத்தில் யார் நிமிர்ந்து ஓட்டுகிறார்கள்? முழங்கை விரிந்து, இடுப்பு பின்னால் போய், மார்பு தரையைப் பார்க்கிறது. கேமராவும் அதைத்தான் பார்க்கும்.

நண்பர் ஒருவரை முன் சக்கரத்தைக் கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, அவற்றின் மேல் எழுந்து நின்று, இறக்கத்தில் குனிவதுபோலக் குனியுங்கள். கைப்பேசிச் செயலியில் கேமரா காண்பதை நண்பர் பார்க்கட்டும். ஹேண்டில்பாரும் உங்கள் விரல்களும் படத்தின் அடிப்பகுதியில் வந்து உட்காரும்வரை கேமராவை மேல்நோக்கிச் சாய்த்துத் திருகை முறுக்குங்கள். பிறகு நிமிர்ந்தால் அது வானத்தைப் பார்த்துக்கொண்டு அசட்டுத்தனமாக இருக்கும். இருக்கட்டும், கை வைக்காதீர்கள்.

அவ்வளவு சாய்க்க இடமில்லாமல் மவுண்ட் (கேமராவைப் பட்டையில் பொருத்தும் பிடி) இடித்தால் கேமராவைத் தலைகீழாக மாட்டுங்கள். படத்தைக் கேமராவே நேராக்கிக்கொள்ளும். ஆனால் படம் நேரானதும், தானாகத் திரும்பும் வசதியை அந்த நிலையிலேயே பூட்டிவிடுங்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும்போது பதிவை ஆரம்பித்து, முழு இறக்கத்தையும் பக்கவாட்டில் எடுத்தவன் சொல்கிறேன்.

ஊட்டியிலிருந்து: உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய சரிவு, காணொளியில் கல்யாண மண்டபத் தரைபோல இருக்கிறது. ஏன்?

இந்தத் துயரம் எல்லோருக்கும் பொது. அகன்ற லென்ஸ் எதிரில் இருப்பதைச் சிறிதாக்கித் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அதிர்வு நீக்கும் வசதி கற்களின் குலுக்கலை விழுங்கிவிடுகிறது. இவை பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. சரிவில் சைக்கிள் முன்பக்கம் சாயும்போது மார்பும் கூடவே சாய்கிறது. ஆகவே எவ்வளவு செங்குத்தான பாதையும் கேமராவுக்கு நேராக நீண்டு கிடப்பதாகவே பதிவாகிறது. சரிவு என்று காட்டிக்கொடுக்கப் படத்துக்குள் சாட்சி எதுவும் இல்லை.

சாட்சியை நாம்தான் கொண்டுவர வேண்டும். முதல் சாட்சி உங்கள் கைகள். பாறையில் இறங்கும்போது முழங்கை மடங்கி நீள்வதும், பிரேக் மேல் விரல் இறுகுவதும் தெரிந்தால், அதிர்வு நீக்கம் விழுங்கியதில் பாதி திரும்பி வந்துவிடும். தலையில் மாட்டுவதைவிட நெஞ்சில் மாட்டுவதை நான் விரும்புவது இதற்காகத்தான். இரண்டாவது, முன்னால் போகும் ஒருவர். பாதுகாப்பான இடைவெளி விட்டுப் பின்தொடருங்கள். அவருடைய ஹெல்மெட் திடீரென்று பாறை விளிம்புக்குக் கீழே மறையும் அந்த நொடியில், பார்ப்பவரின் வயிறு கலங்கும். மூன்றாவது, மரங்கள். நம் ஊர்க் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) எந்தச் சரிவிலும் நெட்டுக்குத்தாக நிற்பவை. நண்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி, மரம் நேராகத் தெரியும்படி கைப்பேசியில் இரண்டு நொடி எடுக்கச் சொல்லி இடையில் சேருங்கள். பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மரம் சொல்லிவிடும்.

அதிர்வு நீக்கத்தை ஒரு படி குறையுங்கள். தொடுவானத்தைச் சமமாகப் பூட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வளைவில் சாய்ந்து திரும்புவதுதான் இந்த ஓட்டத்தின் சுகம். அதையே துடைத்துவிட்டு எதைக் காட்டப்போகிறோம்?

நுவரெலியாவிலிருந்து: தேயிலைத் தோட்டத்தில் படம் பளிச்சென்று இருக்கிறது. மரநிழலுக்குள் நுழைந்ததும் குழைந்துபோய், துடிதுடிக்கிறது. எந்த அமைப்பில் எடுப்பது?

நிழலில் வெளிச்சம் போதாமல் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது காணொளியின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அந்த நேரத்துக்குள் உடல் குலுங்குவதால் ஃபிரேம் கலங்கிவிடுகிறது. அதிர்வு நீக்கம் படத்தைப் பிடித்து நிறுத்தும், கலங்கலைத் துடைக்காது. நிலையாக நிற்கும் படம் விட்டு விட்டுக் கலங்குவதைத்தான் நீங்கள் துடிப்பு என்கிறீர்கள்.

காட்டுப் பாதைக்கு நொடிக்கு 60 ஃபிரேம் வையுங்கள். ஷட்டரை 1/120 நொடிக்கு மேல் திறந்திருக்க விடாதீர்கள். கேமரா அனுமதித்தால் 1/240 இன்னும் நல்லது. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன், உச்சவரம்பு 1600. புள்ளி புள்ளியாகத் தெரியும், பரவாயில்லை. புள்ளியைக் கண் மன்னிக்கும், குழைவை மன்னிக்காது. இலை இடுக்கில் வானம் வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.5 என்று குறையுங்கள். வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் பாதையின் நிறமே மாறும்.

வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரைப் பலர் காட்டுக்குள்ளும் மாட்டிக்கொண்டு போகிறார்கள். அது திறந்த வெயிலுக்கானது. நிழலில் மாட்டினால் மேலே சொன்ன நோயை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம்.

பெங்களூரிலிருந்து: பெண்களுக்கு இந்தப் பட்டை சரியாக உட்காருவதில்லை. கேமரா எப்போதும் மேலேயோ கீழேயோ நழுவுகிறது. வேறு வழி?

என்னுடன் ஓட்டும் தோழிகளும் இதையே சொல்கிறார்கள். பல பட்டைகளை ஆணின் மார்பை மனதில் வைத்தே வெட்டியிருக்கிறார்கள். முதுகுப்பையின் தோள் வாரில் கவ்வும் கிளிப் ஒரு வழி. கொஞ்சம் ஒருபக்கமாகத் தெரியும், ஆனால் நழுவாது. முகம் மூடிய ஹெல்மெட் அணிபவரானால் தாடைப் பகுதியில் ஒட்டும் மவுண்ட் அதைவிட நன்று. கண் பார்க்கும் பக்கமே கேமராவும் பார்க்கும், கைகளும் படத்தில் வரும்.

சிங்கப்பூரிலிருந்து: செஸ்ட்னட் இயற்கைப் பூங்காவின் சைக்கிள் தடத்தில் எடுக்கிறேன். முதல் பத்து நிமிடம் படம் முழுக்க ஆவி படிந்திருக்கிறது.

குளிரூட்டிய அறையிலிருந்து நேராக ஈரக் காற்றுக்குள் போகிறீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிகிறது. இருபது நிமிடம் முன்னதாகவே கேமராவை வெளியில் வைத்துவிடுங்கள். ஆவி, லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மூடிக்கு உட்புறம் இருந்தால் மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

திருச்சியிலிருந்து: எவ்வளவு பெரிய மெமரி கார்டு வேண்டும்?

4கே, 60 ஃபிரேம், நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு ஒரு காலைப் பொழுதுக்குத் தாராளம். கார்டின் மேல் வி30 (நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் வேகம்) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சேலத்திலிருந்து: ஒலியில் என் மூச்சிரைப்பு மட்டுமே கேட்கிறது.

ஏற்றத்தில் எடுத்ததை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவோம்! தொளதொளவென்ற சட்டை பட்டையில் உரசும் சத்தமும் பெருந்தொல்லை. உடலோடு ஒட்டிய ஜெர்சி போடுங்கள். காற்றிரைச்சலுக்கு மைக் துளையை மூடும் பஞ்சுறை இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து: நெஞ்சில் கேமராவோடு விழுந்தால்?

வலிக்கும். கட்டியான ஒரு பொருள் விலா எலும்புக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டுகிறது. நான் ஒருமுறை விழுந்து மூன்று வாரம் சிரிக்கக்கூட முடியாமல் இருந்தேன். பழகாத தாவல், பழகாத பாறை என்றால் முதல் தடவை கேமரா இல்லாமல்தான் இறங்குகிறேன். எப்படியும் முதல் தடவையில் எடுத்த படம் நன்றாக வந்ததில்லை.

கோத்தகிரியிலிருந்து: சோலைக்காட்டுக்குள் அருமையான தடம் ஒன்று இருக்கிறது. விடிவதற்குள் போய் எடுத்துவிடலாமா?

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களின் உயிரைப் பறித்த பிறகு கட்டுப்பாடு கூடியிருக்கிறது. ஜிபிஎஸ் உள்ள கேமரா, நீங்கள் எங்கே, எத்தனை மணிக்கு இருந்தீர்கள் என்பதைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். வாக்குமூலத்தை நீங்களே பதிவேற்றியதுபோல. விடியற்காலையில் அங்கே காட்டெருமையும் கரடியும் நடமாடும், 1600 ஐஎஸ்ஓவுக்கு வெளிச்சமும் இருக்காது. தேயிலைத் தோட்ட மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். கொழுந்து பறிக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குத் தோட்டத்துப் பாதை அப்படித்தான் கிடைத்தது.